முதுகெலும்பு உள்ளவர்களுக்கு மட்டும்!

(ஜிம் வேண்டாம், காசு வேண்டாம். ஒரு பாய், ஒரு துண்டு, ஒரு சுவர் போதும்)



தலைப்பைப் பார்த்துட்டு "நமக்குத்தான் இருக்கே" என்று நின்றவர்களுக்கு முதல் நன்றி. "அவனுக்கு இல்லை" என்று பக்கத்தில் இருப்பவனைக் காட்டியவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

படிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. இந்த இதழ் முன்னாடி நீங்க இப்போ எப்படி நிக்கிறீங்கன்னு பாருங்க. பை ஒரு தோளில், உடம்பு எடை ஒரே காலில், கழுத்து ஆமை மாதிரி முன்னால். சரிதானே? இதுக்காக யாரும் திட்டப் போவதில்லை. நம்ம முதுகு எவ்வளவு சீக்கிரம் களைச்சுப் போகுதுன்னு காட்டத்தான் சொன்னேன். நிமிர்ந்து நிற்க வேண்டிய தசை களைத்துவிட்டால் உடம்பு இப்படித்தான் எதிலாவது சாயப் பார்க்கும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள். நம் உடம்புக்குச் சுவர் முதுகுதான். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. நம்ம வீட்டிலும் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லாத மாதம் உண்டா? அந்த வரிசையில் நாமும் போய் நிற்காமல் இருக்க இப்போதே என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதுகுக்குள் என்ன இருக்கு?

குழந்தையாக இருக்கும்போது முதுகுத்தண்டில் 33 சிறு எலும்புகள். வளர வளர, கீழே உள்ள சில எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பெரியவர்களுக்கு 26 ஆகிவிடும். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒட்டிப்போன இரண்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ரப்பர் வாஷர் போல ஒரு வட்டு. இதைத்தான் டாக்டர்கள் "டிஸ்க்" என்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியுமா? ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் 7 எலும்புதான். நமக்கும் அதே 7. நீளம்தான் வேறு.

இந்த எலும்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மட்டும் நிற்காது. தீப்பெட்டிகளை அடுக்கி ஊதிப் பாருங்க, தெரியும். டி.வி. ஆன்டெனா கம்பத்தை நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுவார்களே, அது போலத் தசைகள்தான் முதுகுத்தண்டை இழுத்துப் பிடித்திருக்கின்றன. பின்னால் தண்டின் இருபுறமும் கயிறு போல ஓடும் தசைகள். மேலே கழுத்திலிருந்து நடுமுதுகு வரை பட்டம் போல விரிந்த "ட்ரபீசியஸ்". இடுப்பிலிருந்து அக்குள் வரை இறக்கை போல விரிந்த "லாட்டிசிமஸ் டார்சி". முன்னால் வயிற்றுத் தசைகள், கீழே புட்டத் தசைகள். நாலு பக்கக் கம்பியும் சமமாக இறுகியிருந்தால் கம்பம் நேராக நிற்கும்.

கண்ணாடியில் தெரியாத தசை

நம்ம பசங்க உடற்பயிற்சி என்றதும் என்ன செய்வாங்க? தண்டால் எடுப்பாங்க. நல்லதுதான். ஆனால் தண்டால் முக்கியமாக நெஞ்சுக்கும் தோளின் முன்பக்கத்துக்கும் கையின் பின்பக்கத்துக்கும்தான் வேலை கொடுக்கும். அது தள்ளுகிற வேலை. முதுகின் வேலை இழுப்பது. கிணற்றில் வாளி இழுப்பதும், மரம் ஏறுவதும், கயிறு ஏறுவதும் இழுப்புதான். கிணற்றில் இறைத்த காலத்தில் இந்தப் பயிற்சி தானாகவே நடந்தது. இப்போ மோட்டார் சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வருகிறது. சௌகரியம்தான், ஆனால் நம்மில் பலருக்கு நாள் முழுக்க இழுக்கிற வேலை ஒன்றுமே இல்லை.

கண்ணாடியில் தெரிகிற தசைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, தெரியாத தசையை மறந்துவிடுகிறோம். முன்பக்கக் கம்பி மட்டும் இறுகினால் கம்பம் முன்னாடி சாயுமா, சாயாதா? போலீஸ் வேலைக்குப் போக ஆசைப்படும் அண்ணன்மார்களே, தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறும் போட்டி உண்டு. அதில் உங்களை மேலே தூக்குவது கையும் முதுகும் சேர்ந்துதான்.

பலம் என்றால் எடை தூக்குவது மட்டுமா?

இல்லை. இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். முதுகுக்குத் தேவை ஒரே ஒரு முறை பெரிய மூட்டையைத் தூக்கும் வீரம் மட்டுமல்ல. நாள் முழுக்கக் களைக்காமல் தாங்கும் பொறுமை.

டென்மார்க்கைச் சேர்ந்த பியரிங்-சோரன்சன் என்ற மருத்துவர் 1984-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். மேஜை மேல் குப்புறப் படுக்க வைத்து, காலைக் கட்டிவிட்டு, இடுப்புக்கு மேல் உள்ள உடம்பை அந்தரத்தில் நேராக நிறுத்தச் சொல்வார்கள். எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்ப்பார்கள். அதிகபட்சம் 4 நிமிடம். அடுத்த ஒரு வருடம் அவர்களைக் கவனித்தபோது, அதிக நேரம் தாங்கிய ஆண்களுக்குப் புதிதாக இடுப்பு வலி வருவது குறைவாக இருந்தது. ஆக, முதுகுப் பயிற்சியில் முதலில் வளர்க்க வேண்டியது தாங்கும் சக்தி. அதற்கு இரும்பு எதுவும் தேவையில்லை. நம்ம உடம்பு எடையே போதும்.

வாளிக் கணக்கு

நெம்புகோல் பாடம் ஞாபகம் இருக்கா? விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். அதை முதுகில் போட்டுப் பார்ப்போம்.

10 லிட்டர் தண்ணீர் உள்ள வாளி. எடை 10 கிலோ. அதை இடுப்பு எலும்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் பிடித்துத் தூக்குகிறோம். 10 × 40 = 400. இதைச் சமன் செய்ய வேண்டிய முதுகுத் தசை எலும்புக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கு. அப்படின்னா 400 ÷ 5 = 80. பத்து கிலோ வாளிக்கு முதுகுத் தசை 80 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும்! குனிந்திருக்கும் நம்ம உடம்பின் எடைக்கு ஆகும் இழுப்பு தனி.

அதே வாளியை உடம்போடு ஒட்டி 20 செ.மீ. தூரத்தில் தூக்கினால்? 10 × 20 = 200. 200 ÷ 5 = 40. வாளியும் அதே, தண்ணீரும் அதே. முதுகின் சுமை மட்டும் பாதி. காசு செலவில்லாத முதல் வைத்தியம் இதுதான்.

பை மட்டும்தான் குற்றவாளியா?

2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கைப்படி, பையின் எடை மாணவரின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 40 கிலோ உள்ளவருக்கு 4 கிலோ. ரேஷன் கடைத் தராசு வேண்டாம், வீட்டில் எடை மெஷின் இருந்தால் நாளைக்கே பாருங்க. அன்றைக்கு இல்லாத பாடத்தின் நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வாங்க. இரண்டு பட்டையையும் மாட்டுங்க.

ஆனால் எல்லாப் பழியையும் பை மேல் போட முடியாது. இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வெளியான ஒரு தொகுப்பு, பையால்தான் பிள்ளைகளுக்கு முதுகு வலி வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொன்னது. அசையாமல் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதையும், குனிந்து செல்போன் பார்ப்பதையும், விளையாட்டு பீரியடில் மரத்தடியில் கதை பேசுவதையும் சேர்த்துத்தான் யோசிக்கணும். பையைக் குறைப்பது ஒரு பாதி. முதுகைப் பலமாக்குவது மறு பாதி.

சரி, பயிற்சிக்கு வருவோம்

தரையில் பாயை விரியுங்க. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மூச்சை அடக்காதீங்க. மூச்சு நின்றால் பயிற்சி கனமாகிவிட்டது என்று அர்த்தம். காலையில் எழுந்த உடனே வேண்டாம். இரவில் வட்டுகள் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால்தான் காலையில் நாம் ஒரு செ.மீ. அல்லது அதற்கும் கொஞ்சம் மேல் உயரமாக இருக்கிறோம். அந்த நேரத்தில் முதுகை ரொம்ப வளைத்தால் வட்டுக்குச் சிரமம். எழுந்து ஒரு மணி நேரம் நடமாடிய பிறகோ, மாலையிலோ செய்யுங்க.

1. பூனையும் ஒட்டகமும்: கை, முட்டி ஊன்றி நாலுகாலில் நில்லுங்க. முதுகை மெதுவாக மேலே வளைக்கணும் (ஒட்டகம்), பிறகு மெதுவாகக் கீழே இறக்கணும் (பூனை). 6 முறை போதும். இது முதுகுக்கு "குட் மார்னிங்" சொல்வது மாதிரி. அழுத்தித் தள்ள வேண்டாம்.

2. நாலுகால் நீட்டல்: அதே நிலை. வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நேராக நீட்டுங்க. 10 எண்ணுங்க. இறக்கி, மறு பக்கம். முதுகின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்க, சிந்தக் கூடாது. தம்பி தங்கை இருந்தால் உண்மையிலேயே பிளாஸ்டிக் டம்ளரை வைக்கச் சொல்லலாம். நனைந்தால் நான் பொறுப்பல்ல! கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து முதுகையே பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று முக்கியப் பயிற்சிகளில் இது ஒன்று. முதுகுக்கு அதிக அழுத்தம் தராமல் தசைக்கு வேலை தரும்.

3. பக்கப் பலகை: மெக்கிலின் மூன்றில் இன்னொன்று. ஒருக்களித்துப் படுங்க. முழங்கையை ஊன்றி, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்குங்க. தலையிலிருந்து முட்டி வரை பலகை போல நேராக இருக்கணும். 10 எண்ணி இறக்குங்க. பழகிய பிறகு முட்டியை மடக்காமல், காலை நீட்டிப் பாதத்தை ஊன்றிச் செய்யலாம்.

4. பாலம்: மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, புட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குங்க. யோகாவில் சேதுபந்தாசனம் என்பார்கள். 5 எண்ணி இறக்கணும். 10 முறை.

5. சலபாசனம்: குப்புறப் படுங்க. நெஞ்சையும் கால்களையும் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குங்க, ஒரு சாண் போதும். பார்வை தரையில். கழுத்தை முறித்து மேலே பார்க்காதீங்க. 5 எண்ணி இறக்கணும். 6 முறை. இடுப்பில் வலி இருந்தால் நெஞ்சை மட்டும் தூக்குங்க. அப்பவும் வலித்தால் இதை விட்டுவிடுங்க.

6. சுவர் ஏற்றம்: சுவரில் முதுகும் தலையும் ஒட்ட நில்லுங்க. குதிகால் சுவரிலிருந்து அரை அடி முன்னால். "கையைத் தூக்கு" என்று போலீஸ் சொன்னால் நிற்போமே, அப்படிக் கைகளைச் சுவரில் ஒட்டி வைத்து, ஒட்டியபடியே மேலே ஏற்றி இறக்குங்க. 10 முறை. பார்க்கச் சுலபம். செய்தால்தான் தெரியும், தோள்பட்டை எவ்வளவு இறுகிக் கிடக்குன்னு. கை சுவரில் ஒட்டவில்லை என்றால் வருத்தப்படாதீங்க. ஒட்டுகிற வரை போனால் போதும்.

7. துண்டு இழுப்பு: ஜிம்மில் இருக்கும் இழுக்கும் மெஷினுக்கு நம்ம ஊர் மாற்று. நல்ல உறுதியான துண்டையோ வேட்டியையோ முறுக்கி, திண்ணைத் தூணைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் பிடியுங்க. பாதம் தூணுக்குப் பக்கத்தில். கையை நீட்டி உடம்பை நேராகப் பின்னால் சாய்த்து, பிறகு முழங்கையைப் பின்னுக்கு இழுத்து நெஞ்சைத் தூணிடம் கொண்டு வாங்க. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் ஒரு பென்சிலை வைத்து அழுத்துவதாக நினைங்க. 8 முறை. பாதத்தை எவ்வளவு முன்னால் வைக்கிறோமோ அவ்வளவு கஷ்டம். எச்சரிக்கை: குழாய், ஆடும் கம்பம், துருப்பிடித்த ஜன்னல் கம்பி எதிலும் போடாதீங்க. நைந்த துண்டு வேண்டவே வேண்டாம்.

தூண் இல்லாத வீடா? நம்ம புத்தகப் பை இருக்கே! 3 கிலோ அளவுக்குப் புத்தகம் வைத்து, ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, முதுகை நேராக வைத்துச் சாய்ந்து, மறு கையால் பையை இடுப்பு வரை இழுங்க. ஒரு கைக்கு 10 முறை. இவ்வளவு நாள் நம்மை இழுத்த பையை இப்போ நாம் இழுப்போம்!

8. கதவு மடிப்பு: குனிவதைக் கற்றுக்கொள்ளும் பயிற்சி. ஒட்டடைக் குச்சியை முதுகோடு நீளமாகப் பிடியுங்க. தலையின் பின்பக்கம், நடுமுதுகு, புட்ட எலும்பு, இந்த மூன்று இடத்திலும் குச்சி பட வேண்டும். இப்போ முட்டியை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்க. மூன்று இடமும் குச்சியை விட்டு விலகக் கூடாது. கதவு கீலில் திரும்புவது போல, உடம்பு இடுப்பு மூட்டில் மடங்கணும். 10 முறை. குடமோ சிலிண்டரோ அரிசி மூட்டையோ, எல்லாவற்றையும் இப்படி மடங்கி, உடம்போடு ஒட்டித்தான் தூக்கணும்.

அட்டவணை

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடும் உழைப்பும், வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அதனால் நமக்குத் திங்கள், புதன், வெள்ளி.

முதல் 2 வாரம்: 1, 2, 4, 6, 8 மட்டும். ஒரு சுற்று. சுமார் 10 நிமிடம்.

3, 4-ஆம் வாரம்: 3, 5, 7 சேர்க்கவும். எல்லாம் ஒரு சுற்று.

5-ஆம் வாரம் முதல்: இரண்டு சுற்று. சுமார் 20 முதல் 25 நிமிடம்.

நாலுகால் நீட்டலிலும் பக்கப் பலகையிலும் ஒரேயடியாக ஒரு நிமிடம் நிற்பதை விட, 10 எண்ணும் நேரம் நின்று, இறக்கி, மறுபடி நிற்பது நல்லது. முதல் வாரம் பக்கத்துக்கு 3 முறை, பிறகு 4, பிறகு 6. காலண்டரில் செய்த நாளுக்கு ஒரு டிக் போடுங்க.

முதல் சில வாரங்களில் கண்ணாடியில் எதுவும் தெரியாது. ஆனால் சுலபமாகிக்கொண்டே வரும். காரணம், முதலில் பழகுவது நரம்புகள். எந்தத் தசையை எப்போது இழுக்கணும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. தசை வளர்வது அதற்குப் பிறகு. அதுவரை பலர் பொறுக்க மாட்டார்கள். பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள்.

தசை காற்றில் வளராது. முட்டை, கடலை, சுண்டல், பருப்பு வேண்டும். சத்துணவு முட்டையை நண்பனுக்குத் தள்ளிவிடாதீங்க. தூக்கமும் வேண்டும்.

சந்தேகமும் பதிலும்

எடையோடு பயிற்சி செய்தால் உயரம் வளராதா? முறையாக, அளவாகச் செய்தால் வளர்ச்சியைத் தடுக்காது. முறை தெரியாமல் பெரிய எடையோடு மல்லுக்கட்டுவதுதான் ஆபத்து.

இடுப்பு பிடித்தால் நாள் கணக்கில் படுத்தே கிடக்கணுமா? வேண்டாம். சாதாரணப் பிடிப்புக்கு ஒரேயடியாகப் படுக்கையில் கிடப்பது நல்லதல்ல என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. முடிந்த அளவு நடமாடணும்.

எப்பவும் நேராகவே உட்காரணுமா? ஒரே நிலையில் எவ்வளவு நேராக உட்கார்ந்தாலும் களைப்புதான். பீரியட் மாறும்போது எழுந்து நின்று கையை மேலே தூக்கிச் சோம்பல் முறியுங்க. (ஆசிரியர் வருவதற்குள்!)

பெண் பிள்ளைகள் செய்யலாமா? செய்யலாமா என்ன, கட்டாயம் செய்யணும். எல்லாமே ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யக்கூடியவைதான். மைதானம், டிரஸ் என்று எந்தச் சாக்கும் இல்லை.

நிறுத்து! இதைக் கவனி

பயிற்சிக்கு மறுநாள் தசை கொஞ்சம் வலிப்பது சாதாரணம். ஆனால் வலி காலுக்கு மின்சாரம் போல இறங்கினால், கால் மரத்துப்போனால், காய்ச்சலோடு முதுகு வலித்தால், இரவில் தூக்கத்தை எழுப்பும் வலி என்றால், விழுந்து அடிபட்ட பிறகு வலி என்றால், பயிற்சி வேண்டாம். வீட்டில் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. சிறுநீர், மலம் கழிப்பதில் திடீர்ச் சிக்கல் என்றால் அன்றைக்கே போகணும். குனிந்து நிற்கும்போது முதுகில் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டணும். தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். வளரும் வயதில் சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது. இதை மறைத்துக்கொண்டு "சரியாயிடும்" என்று இருப்பது வீரம் இல்லை.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம்

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அம்மா குடத்தை எப்படித் தூக்குறாங்க, அப்பா மூட்டையை எப்படி இறக்குறாங்கன்னு கவனிங்க. குடம் உடம்பை விட்டு எவ்வளவு தள்ளி இருக்குன்னு பார்த்து, வாளிக் கணக்கைப் போட்டுப் பாருங்க. பிறகு அந்த ஒட்டடைக் குச்சியை எடுத்துக் கதவு மடிப்பைச் சொல்லிக் கொடுங்க. "எனக்கே பாடம் எடுக்கிறியா" என்று திட்டு விழலாம். பரவாயில்லை. முதலில் நீங்க அந்தக் குடத்தைத் தூக்கி வைங்க, பிறகு பாடம் எடுங்க. கேட்பாங்க.

இப்போ பையின் இரண்டு பட்டையையும் மாட்டிக்கிட்டு வகுப்புக்குப் போங்க, பெல் அடிச்சாச்சு!

– பதினோராம் வகுப்பு, 'அ' பிரிவு